கரண்ட் வைக்கலாமா, மருந்தையே மாற்றிப் பார்க்கலாமா? கடுமையான மனச்சோர்வில் ஈ.சி.டி-யும் மற்ற வழிகளும்

"அப்பாவுக்கு 62 வயசு. மூணு மாசமா படுக்கையை விட்டு எழுந்திருக்கிறதில்ல. ரெண்டு மருந்து மாத்தியாச்சு. இப்போ டாக்டர் ஈ.சி.டி கொடுக்கலாம்ங்கிறார். மாமா, 'கரண்ட் வச்சா ஆளே மந்தமாயிடுவார், வேண்டவே வேண்டாம்'ங்கிறார். தங்கச்சி சென்னையில காந்த சிகிச்சை இருக்கு, வலியே இல்லைங்கிறா. யார் சொல்றதைக் கேக்க?"

ஈ.சி.டி என்பது மயக்க மருந்து கொடுத்து, மூளைக்குச் சில விநாடி மின்துடிப்பு விட்டு வலிப்பை வரவழைக்கிற சிகிச்சை. என் அம்மாவுக்கு அதைக் கொடுத்தது தெரிந்தவர்களிடமிருந்து ஆறேழு மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு கேள்வி வந்துவிடும். வயதும் ஊரும் மாறும், கேள்வி அதேதான். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் பேசியதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கிடைத்ததையெல்லாம் படித்து, டாக்டர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். முடிவு உங்கள் டாக்டரோடு சேர்ந்து நீங்கள் எடுக்க வேண்டியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் "எது பயமாக இல்லை" என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆறு வாரத்தை வீணாக்கினோம். கேட்க வேண்டியது "நம்மிடம் எத்தனை நாள் இருக்கிறது" என்பதை.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

நேரம். சாப்பிடுகிறாரா? தண்ணீர் குடிக்கிறாரா? எடை எவ்வளவு குறைந்திருக்கிறது? சாக வேண்டும் என்று பேசுகிறாரா, அதற்கு ஏதாவது வழி யோசித்து வைத்திருக்கிறாரா? இந்தக் கேள்விகளை அவரிடமே நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சாப்பாடே நின்றுபோன ஒருவருக்கு ஆறு வாரம் கழித்து வேலை செய்யும் மருந்து காகிதத்தில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

எந்த மாதிரி மனச்சோர்வு. வெறும் சோகமும் அசதியுமா, அல்லது இல்லாததை இருப்பதாக நம்புகிறாரா? என் அம்மா தன் குடல் அழுகிப்போய்விட்டது, சாப்பிட்டால் அது எங்கே போகும் என்று கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அமைதியாக. இதைச் சோகம் என்று மட்டும் சொல்ல முடியாது, பிரமையோடு சேர்ந்த மனச்சோர்வு. அதேபோல் பேச்சும் அசைவும் இல்லாமல் சிலைபோல உறைந்துபோகிற நிலையும் உண்டு, கேட்டடோனியா என்பார்கள். இந்த இரண்டு நிலைகளிலும் கணக்கே மாறிவிடும்.

இதுவரை நிஜமாகவே முயன்றது என்ன. "ரெண்டு மருந்து மாத்தியாச்சு" என்றால் ஒவ்வொன்றும் சரியான அளவில், குறைந்தது நாலிலிருந்து ஆறு வாரம், விடாமல் சாப்பிட்டாரா என்று பாருங்கள். பாதி வீடுகளில் பத்து நாளில் வாந்தி வருகிறது என்று நிறுத்தியிருப்பார்கள். தைராய்டு பார்த்தீர்களா? இளவயதில் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு ஓடித் திரிந்த காலம் எதுவும் உண்டா? உண்டென்றால் அது பைபோலாராக (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற நோய்) இருக்கலாம், அப்போது மருந்தே வேறு.

உடம்பு. இதயம், பிரஷர், தலைக்குள் உலோகம் ஏதாவது வைத்திருக்கிறார்களா, கர்ப்பமா.

ஆளும் காசும். சிகிச்சைக்கான பில்லை எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். கூட யார் போவது, எத்தனை நாள் லீவு, எவ்வளவு தூரம் என்பதை யாரும் கேட்பதில்லை.

அதற்கப்புறம். சரியான பிறகு சரியாகவே இருக்க என்ன செய்ய வேண்டும். கடைசியாக எழுதினாலும் எங்களைத் தடுக்கி விழவைத்தது இதுதான்.

## ஒரே பார்வையில்

| | மருந்து மாற்றுதல், கூட்டுதல் | ஈ.சி.டி | கீட்டமின் (டிரிப்பில் ஏற்றுவது) | டி.எம்.எஸ் (காந்த சிகிச்சை) |
|---|---|---|---|---|
| பலன் தெரிய | 4–6 வாரம் | பெரும்பாலும் 1–3 வாரம் | சில மணி நேரம் முதல் ஒரு நாள் | 3–6 வாரம் |
| எத்தனை முறை | தினமும் | 6–12, வாரம் 2 அல்லது 3 | வாரம் 2, பல வாரம் | வாரம் 5 நாள், 4–6 வாரம் |
| மயக்க மருந்து | இல்லை | உண்டு | இல்லை, ஆனால் கண்காணிப்பு உண்டு | இல்லை |
| பிரமை இருந்தால் | தனியாகப் போதாமல் போகலாம் | சிறப்பாக வேலை செய்யும் | பொதுவாகத் தவிர்ப்பார்கள் | ஏற்றதல்ல |
| முக்கியச் சிக்கல் | காத்திருப்பு, எடை, அசதி | ஞாபகம் | பலன் நீடிப்பதில்லை | தினசரி அலைச்சல் |
| கிடைக்கும் இடம் | எங்கும் | அரசு மருத்துவக் கல்லூரிகள், தனியார் | சில இடங்கள் | பெரும்பாலும் பெரிய ஊர் தனியார் |

## மருந்தை மாற்றுவது அல்லது கூட்டுவது

இதில்தான் எல்லோரும் தொடங்குகிறோம், அது சரியும்கூட. ஆனால் எத்தனை முறை மாற்றுவது என்பதற்கு ஒரு எல்லை வேண்டும். அமெரிக்காவில் 4,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2006-ல் முடிவு வெளியான ஸ்டார்-டி என்ற ஆய்வில், முதல் மருந்தில் முழுக்கச் சரியானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது மருந்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாவது, நான்காவது முயற்சிகளில் அது ஏழெட்டுப் பேரில் ஒருவர் என்று இறங்கிவிட்டது. மூன்றாவது மருந்து, நான்காவது மருந்து என்று போய்க்கொண்டே இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒன்றரை மாதம் செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாற்றுவதற்குப் பதிலாக இருக்கிற மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதும் உண்டு. லித்தியம், அரிபிப்ரசோல், க்வெட்டியாபின் இப்படி. லித்தியம் பழைய மருந்து, மலிவானது, நல்ல மருந்தும்கூட. ஆனால் இரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டு, சிறுநீரகத்தையும் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். வெயில் காலத்தில் உடம்பில் நீர் குறைந்தாலும், மூட்டுவலிக்குக் கடையில் நேராக மாத்திரை வாங்கிப் போட்டாலும் லித்தியம் அளவு ஏறிவிடும். இந்தக் கவனத்தையும் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடுகிறார், ஓரளவு தூங்குகிறார், பேசினால் பதில் சொல்கிறார், இதுவரை ஒரு மருந்துதான் முறையாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் இந்த வழியே போதும். கூடவே மனநல ஆலோசகரிடம் முறையான பேச்சு சிகிச்சை. ஆனால் எழுந்து உட்காரவே முடியாதவரைப் பேச்சு சிகிச்சைக்குக் கூட்டிப்போய் "மனசு விட்டுப் பேசுங்க" என்பதில் அர்த்தமில்லை. கொஞ்சம் எழுந்த பிறகுதான் அது பிடிக்கும்.

## ஈ.சி.டி

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பயமும் பொய்யும் இதைச் சுற்றித்தான் அதிகம்.

1938-ல் ரோம் நகரத்தில் உகோ செர்லெட்டி, லூசியோ பினி என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. வலிப்பு முழு உடம்பிலும் வரும், எலும்பு முறிந்தவர்கள் உண்டு. நம் ஊரிலும் பல வருடம் அப்படி நடந்திருக்கிறது. மாமாக்களும் தாத்தாக்களும் பயப்படுவது அதைக் கேள்விப்பட்டுத்தான், அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி கொடுப்பது இந்தியாவில் சட்டவிரோதம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, பெற்றோர் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரில் யார் சம்மதமும் இல்லாமல் கொடுப்பதும் கூடாது.

நடப்பது இதுதான். காலையில் வெறும் வயிறு. கையில் ஊசி ஏற்றி மயக்க மருந்து, அடுத்து சாக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்து. பல்லும் நாக்கும் கடிபடாமல் வாயில் ஒரு ரப்பர் கட்டை. நெற்றிப் பொட்டில் ஜெல் தடவி மின்வாய் வைத்து, சில விநாடிகள் மட்டும் அளந்து விடுகிற சிறு சிறு மின்துடிப்புகள். வீட்டுப் பிளக்கில் கை வைத்தால் அடிக்கிற ஷாக்கோடு இதை ஒப்பிடவே கூடாது. மூளையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வலிப்பு வருகிறது. குணப்படுத்துவது அந்த வலிப்புதான், அதைத் தூண்டத்தான் மின்சாரம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் நாலாவது தடவையில் என்னைக் கதவருகே நிற்க விட்டார். மருந்து ஏறுவதற்கு முன்பே அம்மாவின் வலது கணுக்காலில் பி.பி. பார்க்கிற பட்டையைக் கட்டி இறுக்கியிருந்தார்கள், தசை தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாமல் இருக்க. உடம்பு அசையவே இல்லை. அந்த ஒரு பாதம் மட்டும் லேசாக வெட்டிக்கொண்டிருந்தது, மெட்டி போட்ட விரல் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து "நாப்பத்தி ரெண்டு" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மூச்சு சீராகி, அரைமணியில் கண் திறந்து, தலைவலிக்கிறது என்றாள். நான் மூன்று வாரம் தூங்காமல் கற்பனை செய்து வைத்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐந்தாவது தடவை முடிந்த மறுநாள் காலை ஃப்ளாஸ்க் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் முறை. குடல் அழுகிவிட்டது என்ற பேச்சு அதன் பிறகு வரவேயில்லை.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடுமையான மனச்சோர்வுக்கு, அதிலும் பிரமையோடு வந்ததற்கும், வயதானவர்களுக்கும், ஈ.சி.டி அளவுக்குப் பலன் தருகிற வேறொன்றை இதுவரை யாரும் காட்டவில்லை. 2003-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வும் மருந்துகளைவிட ஈ.சி.டி-யின் பலன் அதிகம் என்றே கண்டது.

இனி கஷ்டமான பக்கம்.

ஞாபகம். இதில் இரண்டு வகை இருக்கிறது. சிகிச்சை நடக்கிற வாரங்களில் புதிதாகக் கேட்பது தங்காது, காலையில் யார் வந்தார்கள் என்பது மாலையில் இருக்காது. இது முடிந்த சில வாரங்களில் சரியாகிவிடும். இன்னொன்று சிகிச்சைக்கு முந்தைய மாதங்களின் நினைவுகள். இதில் பல திரும்பும், சில திரும்பாமலே போகலாம். அம்மாவுக்குப் பெரியம்மா பேரனின் காதுகுத்து சுத்தமாக நினைவில்லை. போட்டோவில் தானே நிற்பதைப் பார்த்து "நான் எப்போ போனேன்" என்று கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சிலருக்கு இதைவிட அதிகம் போகிறது, அவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆசிரியர், வக்கீல் போல ஞாபகத்தை வைத்தே பிழைப்பவர் என்றால் இதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் இதைக் குறைக்க வழி இருக்கிறது, பலர் கேட்பதில்லை. இரண்டு பொட்டிலும் வைத்தால் ஞாபகப் பாதிப்பு அதிகம், பலன் சீக்கிரம். வலது பக்கம் மட்டும் வைத்தால் பாதிப்பு குறைவு. வாரம் மூன்றுக்குப் பதில் இரண்டு கொடுத்தாலும் குறையும், என்ன, முடிய நாள் கூடும். ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கிற நேரத்தைக் குறைப்பதும் உதவும். "எங்கே வைக்கப் போறீங்க, வாரத்துக்கு எத்தனை" என்று தைரியமாகக் கேளுங்கள்.

மூளை செல் செத்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. உயிராபத்து ஒரு லட்சம் தடவைக்கு ஏறத்தாழ 2 என்ற அளவில்தான், சிறு அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் இருக்கிற அதே ஆபத்து. சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர், தலைக்குள் கட்டி இருப்பவர் விஷயத்தில் மட்டும் ரொம்ப யோசிப்பார்கள்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. முதலாவது ஆள். உள்நோயாளியாக இல்லாமல் வந்துபோவதென்றால் மூன்று, நாலு வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று நாள் ஒருவர் கூட வர வேண்டும், நடு இரவிலிருந்தே பட்டினி போட வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு இந்த நாட்கள்தான் பெரிய பில்.

இரண்டாவது, அதற்கப்புறம். ஈ.சி.டி நோயிலிருந்து மேலே தூக்கிவிடும், அங்கேயே நிறுத்தி வைக்காது. 2001-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஈ.சி.டி-யில் குணமானவர்களுக்கு அப்புறம் மருந்தே கொடுக்காமல் விட்டபோது ஆறு மாதத்துக்குள் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. நார்டிரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 60. அதோடு லித்தியமும் சேர்த்தவர்களில் 39. சரியாகிவிட்டதே என்று நாங்கள் மூன்றாம் மாதம் மாத்திரையில் அசிரத்தையாக இருந்தோம், ஐந்தாம் மாதம் அம்மா மறுபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தாள். அப்புறம் லித்தியத்தோடு, மாதம் ஒருமுறை பராமரிப்பு ஈ.சி.டி என்று எட்டு மாதம் போனது. மாத்திரை நிற்கக் கூடாது. சிலருக்கு இடைவெளி விட்ட ஈ.சி.டி-யும் வேண்டியிருக்கும். இதை முதல் நாளே குடும்பத்தில் பேசி வையுங்கள்.

## கீட்டமின்

மயக்க மருந்தாக அரை நூற்றாண்டாகப் பயன்படுவது. உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற குறைந்த அளவில், 40 நிமிடம் டிரிப்பில் ஏற்றினால் சிலருக்கு அன்றைக்கே மனம் லேசாகிறது. ஆச்சரியமான விஷயம்தான். மூக்கில் அடிக்கிற எஸ்கீட்டமின் ஸ்ப்ரேவுக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது.

ஈ.சி.டி-க்கு மாற்றா என்றால், இரண்டு ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2023-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்ததில், பிரமை இல்லாத நோயாளிகளில் கீட்டமினுக்கு 55 சதவீதம், ஈ.சி.டி-க்கு 41 சதவீதம் பலன். இதை மட்டும் படித்தவர்கள் ஈ.சி.டி காலாவதியாகிவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் ஸ்வீடனில், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றிய நோயாளிகளிடம் செய்த ஆய்வில் ஈ.சி.டி-யில் முழுக்கச் சரியானவர்கள் 63 சதவீதம், கீட்டமினில் 46 சதவீதம். முதலாவதில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். அதாவது கேள்வி மருந்தைப் பற்றியது மட்டுமல்ல, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் பற்றியது.

ஒரு டோஸின் பலன் பொதுவாக ஒரு வாரம்கூடத் தாங்காது, திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஏற்றும்போது உடம்பை விட்டு வெளியே மிதப்பதுபோல் இருக்கும், பிரஷர் ஏறும். குடிப்பழக்கம், போதைப் பழக்கம் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். மானிட்டர் இல்லாத சின்ன கிளினிக்கில் இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிரமை இல்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் அரித்துக்கொண்டிருக்கிறது, ஞாபகத்தை இழக்க முடியாத வேலை, நல்ல மருத்துவமனை அருகில் இருக்கிறது என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

## டி.எம்.எஸ், அந்தக் காந்த சிகிச்சை

நெற்றிக்கு இடப்பக்கம் ஒரு காந்தச் சுருளை வைத்து மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக் டக்கென்று துடிப்பு. மயக்கம் இல்லை, ஞாபகத்துக்குப் பங்கமில்லை, முடிந்ததும் பஸ் ஏறி வேலைக்குப் போகலாம். முன்பு ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்வரை ஆகும், 2018-ல் வந்த கனடா ஆய்வு மூன்று நிமிட முறையும் அதே பலன் தருகிறது என்று காட்டியது. வலிப்பு வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. காது கருவி உள்ளே பொருத்தியவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப் இருப்பவர்களுக்கு ஆகாது.

ஆனால் வாரம் ஐந்து நாள், ஒரு மாதத்துக்கு மேல். விருதுநகரிலிருந்து மதுரைக்கு இருபது முப்பது நாள் போய்வர முடியுமா என்பதுதான் நிஜமான கேள்வி. அப்புறம், இது எழுந்து நடந்து வரக்கூடிய நோயாளிக்கான சிகிச்சை. ஓரிரண்டு மருந்து கேட்கவில்லை, வேலைக்கு எப்படியோ போய்வருகிறார், பக்கவிளைவு தாங்கவில்லை என்பவருக்கு நல்ல தேர்வு. சாப்பிடாமல் கிடப்பவருக்கும் பிரமை இருப்பவருக்கும் இதற்காக ஆறு வாரம் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## அந்த 62 வயது அப்பாவுக்கு

நான் திருப்பிக் கேட்டேன்: சாப்பிடுகிறாரா? "ரெண்டு வாரமா கஞ்சித்தண்ணிதான். சொத்தெல்லாம் போயிடுச்சு, போலீஸ் வருதுன்னு சொல்றார்." சொத்து எங்கும் போகவில்லை, போலீஸும் வரவில்லை. வயது, பிரமை, பட்டினி, இரண்டு மருந்து தோற்றது. இதில் ஈ.சி.டி-யைக் கடைசி என்று ஒதுக்கிவைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சொல்வதை முதலாவதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இதுவே 35 வயது, ஐ.டி வேலை, தூக்கம் கெட்டிருக்கிறது, ஒரு மருந்து நாலு வாரம் என்றால் ஈ.சி.டி-யை இப்போது யோசிக்கவே வேண்டாம் என்றிருப்பேன். பிள்ளை பெற்ற சில வாரத்தில் கடுமையாக விழுந்த பெண்ணுக்கும், மருந்துகள் பலவற்றைத் தவிர்க்க வேண்டிய கர்ப்பிணிக்கும் ஈ.சி.டி-யைத் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம், கர்ப்பத்திலும் கொடுக்கிறார்கள்.

சம்மதம் நோயாளியுடையது. முடிவெடுக்கும் நிலையில் இல்லையென்றால் அவருடைய நியமனப் பிரதிநிதி மூலமாக. அப்போதும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "ஸ்கேன் எடுக்கப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன், குணமான பிறகும் அந்தக் கசப்பு போகவில்லை.

இன்ஷூரன்ஸ் இருந்தால், மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தர வேண்டும் என்பது அதே 2017 சட்டம். ஆனால் வந்துபோகிற சிகிச்சைக்குத் தருவார்களா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படிக்கிற இரவிலேயே வீட்டில் யாராவது சாகப்போவதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துங்கள், 14416-க்கு அழையுங்கள், அது டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முடிந்தால் நேராக அருகில் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போகும்போது பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தூக்கத்துக்குக் கொடுத்த லோராசெபாம், வலிப்புக்குக் கொடுத்த வால்ப்ரோயேட் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஈ.சி.டி-யில் வலிப்பு வரவிடாமல் அவை தடுக்கும். பல்செட் இருந்தால், ஆடுகிற பல் இருந்தால் அதையும் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.